சைகோனுக்கு அரிசி வந்த வழி

ஊரிலிருந்து கிளம்பும்போது அம்மா இரண்டு கிலோ வெள்ளைச் சோளம் கட்டிக் கொடுத்தாள். இடித்து, உமி போகப் புடைத்து, அப்படியே உலையில் போடுகிற பதத்தில். கோவில்பட்டிப் பக்கம் எங்கள் வீட்டில் சோளச்சோறு என்றால் ஞாயிற்றுக்கிழமை. கருவாட்டுக் குழம்போ மொச்சைக் குழம்போ இருந்தால் அன்றைக்குத் திருநாள்.

சைகோன் என்று பழைய பெயர் கொண்ட ஹோ சி மின் நகரத்தில் பின் தான் வட்டாரத்தில் ஒரு வீட்டின் மாடியறையில் குடியிருந்தேன். அப்போது பக்கத்து மாகாணமாக இருந்த பின் யுவாங்கில் ஒரு ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் மின்பராமரிப்பு வேலை. அடுக்களை வீட்டுக்காரப் பாட்டிக்கும் எனக்கும் பொது. ஒரு ஞாயிறு காலை சோளத்தை வேகவைத்துக்கொண்டிருந்தேன். பாட்டி வாசனை பிடித்துக்கொண்டு வந்தார். மூடியைத் திறந்து பார்த்தார். ஒரு பருக்கையை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தார். மூடியைத் திரும்ப வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போய்விட்டார். அன்று மதியம் அவர் என்னோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை.

சாயங்காலம் அவருடைய பேத்தி வந்து சொன்னாள். "பாட்டிக்கு உங்கள் மேல் கோபம் இல்லை. அது போ போ. அவர்கள் அதை வருஷக்கணக்கில் தின்றவர்கள்."

1975ல் போர் முடிந்ததற்குப் பிறகான பத்தாண்டுகளைப் பற்றி அந்த ஊரில் வயதானவர்கள் யாரைக் கேட்டாலும் இந்தச் சொல் வரும். போ போ. அகராதியில் அது வேறொரு தானியம். ஆனால் ரேஷனில் அந்தப் பெயரில் வந்தது பெரும்பாலும் வெளிநாடுகளிலிருந்து இறக்கிய சோளம்தான், அதுவும் உமி சரியாக நீக்காத முழுச் சோளம். எவ்வளவு நேரம் வேகவைத்தாலும் வேகாது. தாடை வலிக்க மென்று விழுங்க வேண்டும். ஊறவைக்கவும் இடிக்கவும் பழகிய கைகளுக்குத்தான் சோளம் சோறாகும். அரிசி தவிர வேறொன்றும் அறியாத ஊரில், விறகும் மண்ணெண்ணெயும் தட்டுப்பாடான காலத்தில், அது தண்டனையாகத்தான் இருந்திருக்கும்.

எனக்குப் பிடிபடாத விஷயம் ஒன்றுதான். சைகோனிலிருந்து பேருந்தில் இரண்டு மூன்று மணி நேரம் போனால் மேகாங் டெல்டா. உலகத்தின் மிகப்பெரிய நெல் வயல்களில் ஒன்று. பிரெஞ்சுக்காரர் காலத்தில் நம் செட்டியார்கள் அந்த நெல்லை நம்பித்தான் அங்கே வட்டிக்கடை வைத்தார்கள். அவர்கள் கும்பிட்ட மாரியம்மன் கோயில் இன்னும் பென் தான் சந்தைக்குப் பக்கத்தில் இருக்கிறது, வெள்ளிக்கிழமைகளில் நானும் போவேன். அப்படிப்பட்ட நெல்லுக்குப் பக்கத்தில் முப்பது லட்சத்துக்கும் மேல் மக்கள் இருந்த ஊர் எப்படி அரிசிக்குத் தவித்தது?

பேத்தியை வைத்துக்கொண்டு பல ஞாயிற்றுக்கிழமைகளில் பாட்டி சொன்னதும், பிறகு நான் தேடிப் படித்ததும் சேர்ந்துதான் விடை கிடைத்தது. நெல்லைக் கொள்முதல் செய்யும் உரிமை அரசுக்கு மட்டும். 1970களின் கடைசியில் அரசு கொடுத்த விலை கிலோவுக்கு 0.52 டாங். வெளியில் 2.5 டாங். ஐந்தில் ஒரு பங்கு விலைக்கு எந்த விவசாயி விற்பான்? பதுக்கினார்கள், கோழிக்கும் பன்றிக்கும் போட்டார்கள், தங்களுக்குப் போதுமான அளவு மட்டும் விதைத்தார்கள். 1978க்குப் பிறகு நிலங்களைக் கூட்டுப்பண்ணையில் சேர்க்கச் சொன்னதும் கை இன்னும் சோர்ந்தது. தனியார் யாரும் ஒரு மாகாணத்திலிருந்து இன்னொன்றுக்கு அரிசி கொண்டுபோகக் கூடாது. சாலையிலும் ஆற்றிலும் சோதனைச் சாவடிகள். 'ஆற்றை மறி, சந்தையைத் தடு' என்று மக்கள் அந்தக் காலத்துக்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். பாட்டி தன் அக்காள் ஊரிலிருந்து ஐந்து கிலோ அரிசியைத் துணியில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு, பிள்ளைத்தாய்ச்சி போல் பேருந்தில் உட்கார்ந்து வந்திருக்கிறார். எப்படி நடந்தேன் என்று எனக்கு நடந்தும் காட்டினார். அப்போது அவருக்கு வயது முப்பத்தைந்து இருக்கும்.

அப்புறம் ஒரு பெயர் சொன்னார். சாவ் யன்.

தெற்கு வியட்நாமில் பிள்ளைகளைப் பிறந்த வரிசை எண்ணைச் சொல்லிக் கூப்பிடுவது வழக்கம். மூத்த பிள்ளைக்கே எண் இரண்டிலிருந்துதான் தொடங்கும். 'சாவ்' என்றால் ஆறு. 'யன்' என்றால் மக்கள். வோ வான் கியெட் என்ற தலைவருக்கு இயக்கத்தில் இருந்த பெயர் அது. பெற்றோர் வைத்த பெயர் ஃபான் வான் ஹோவா. 1922ல் டெல்டாவில் வின் லாங் மாகாணத்தில் வுங் லியெம் என்ற ஊர்ப்பக்கம் ஏழை விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். 1939ல் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். 1940ல் பிரெஞ்சு ஆட்சிக்கு எதிராகத் தெற்கில் எழுந்த கிளர்ச்சியில் சொந்த ஊரில் கலந்துகொண்டார். அதன்பின் முப்பத்தைந்து வருஷம் காடும் தலைமறைவும்தான்.

1966ல் அவருடைய மனைவியும் கடைசி இரண்டு குழந்தைகளும் அவரைப் பார்ப்பதற்காகச் சைகோன் ஆற்றில் பயணிகள் படகில் வந்துகொண்டிருந்தார்கள். அமெரிக்க ஹெலிகாப்டர்கள் சுட்டதில் படகு மூழ்கியது. மூவர் உடலும் கிடைக்கவில்லை. 1972ல் மூத்த மகன் போர்க்களத்தில் இறந்தான். போர் முடிந்தபோது அந்தக் குடும்பத்தில் மிஞ்சியது அவரும் ஒரு மகளும். பின்னால் வரும் எதைப் படிக்கும்போதும் இந்த ஆற்றை நான் மறப்பதில்லை.

1976ல் ஹோ சி மின் நகரத்தின் மக்கள் குழுத் தலைவரானார், அதே ஆண்டின் இறுதியில் நகரக் கட்சிச் செயலாளர். அந்த நகரத்தில் அப்போது அதைவிடப் பெரிய பதவி இல்லை. ரேஷன் கடையில் அரிசி இல்லை என்றால் முதலில் பதில் சொல்ல வேண்டியவர் அவர்.

நகர உணவுத் துறையில் பா தி என்றொரு பெண் அதிகாரி இருந்தார். முழுப்பெயர் நுயென் தி ராவ். 'பா' என்றால் மூன்று. டெல்டாவில் போர்க்காலத்தில் வேலை செய்தவர், எந்தக் கால்வாயில் யார் வீட்டில் எத்தனை மூட்டை கிடக்கும் என்று தெரிந்தவர். கியெட் அவரையும் நிதி, வங்கி அதிகாரிகளையும் கூப்பிட்டுப் பேசினார். டெல்டாவுக்குப் போய்ச் சந்தை விலைக்கே அரிசி வாங்கி வாருங்கள், மக்கள் பட்டினி கிடக்கக் கூடாது என்றார். மத்திய அரசு வைத்த விலையைத் தாண்டி வாங்கினால் அது குற்றம். பிடித்தால் நான் சிறைக்குப் போவேனே என்று பா தி கேட்டார். நீங்கள் சிறைக்குப் போனால் நான் உங்களுக்குச் சோறு கொண்டு வருகிறேன் என்றார் கியெட்.

இந்தப் பேச்சு வியட்நாமில் எல்லோருக்கும் தெரியும். பாட்டியும் இதைத்தான் சொன்னார், பேத்தி மொழிபெயர்ப்பதற்கு முன்பே கையால் தூக்குவாளி தூக்குவதுபோல் காட்டி.

வங்கியிலிருந்து பணம் எடுத்தார்கள். வண்டிகள் டெல்டாவுக்குப் போய் அரிசியோடு திரும்பின. வாங்கிய விலையும் போக்குவரத்துச் செலவும் சேர்த்துத்தானே விற்க முடியும்? பா தியின் குழுவுக்கு 'அரிசி கடத்தல் குழு' என்று ஊருக்குள் பெயர் வந்தது. கட்சிச் செயலாளரின் சம்மதத்தோடு ஓடிய கடத்தல். இம்மாதிரி வேலைகளுக்கு வியட்நாமியர்கள் வைத்த பெயர் 'ஃபா ராவ்', வேலியை உடைப்பது. அரிசியில் உடைந்த வேலி பிறகு நகரத்துத் தொழிற்சாலைகளிலும் உடைந்தது. நூலும் சாயமும் மூலப்பொருளும் இல்லாமல் நின்ற ஆலைகள், மேலிடத்து ஒதுக்கீட்டுக்குக் காத்திராமல் தாங்களே வாங்கித் தாங்களே விற்க ஆரம்பித்தன.

எனக்கு இதில் பிடித்தது வேலியை உடைத்த துணிச்சல் மட்டும் என்றால் பொய். துணிச்சல்காரர்கள் நிறைய உண்டு. தனக்குக் கீழே வேலை செய்பவரிடம் தப்பைச் செய்யச் சொல்லிவிட்டு, மாட்டிக்கொண்டால் கையை விரித்துவிடுகிற மேலதிகாரிகளிடம் நானும் வேலை பார்த்திருக்கிறேன். இந்த மனிதர் அப்படி விரிக்கவில்லை. சிறைக்கு அனுப்பமாட்டேன் என்று அவரால் சொல்ல முடியாது, அது பொய்யாகிவிடும். சோறு கொண்டு வருகிறேன் என்றால் என் பெயரும் அந்த வாசலில் இருக்கும் என்று அர்த்தம். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் ஒரு பெண் வண்டியேறியிருக்கிறார்.

சரி, இதே மனிதர் செயலாளராக இருந்த இதே நகரத்தில்தான் 1978 மார்ச்சில் வணிகர்களின் கடைகளையும் கிடங்குகளையும் அரசு கைப்பற்றியது. சோ லோன் பகுதியின் சீன வம்சாவளி வியாபாரிகள் பலர் ஒரே நாளில் எல்லாம் இழந்தார்கள். இந்தக் கைப்பற்றலை நடத்த ஹனோயிலிருந்து டோ முவோய் என்ற தலைவர் அனுப்பப்பட்டார் என்பது உண்மை, நகரத்தின் பொறுப்பில் கியெட் இருந்தார் என்பதும் உண்மை. குடும்பம் குடும்பமாக மக்கள் காட்டுப் பகுதிகளில் 'புதிய பொருளாதார மண்டலம்' என்ற பெயரில் குடியேற்றப்பட்டதும், பழைய ஆட்சியின் அதிகாரிகள் மறுகல்வி முகாம்களில் ஆண்டுக்கணக்கில் அடைக்கப்பட்டதும், ஆயிரமாயிரம் பேர் படகேறிக் கடலில் போனதும் அந்தக் காலத்தில்தான். பாட்டியின் கணவர் பழைய ராணுவத்தில் எழுத்தர். நான்கு வருஷம் முகாமில் இருந்தார். பாட்டியின் தம்பி படகேறியவர், சேர்ந்த செய்தி வரவேயில்லை. சாவ் யன் பெயரைப் பாசத்தோடு சொல்கிற அதே பாட்டி இதையும் சொல்லாமல் விடவில்லை. வேலியை உடைத்தவர்களில் அவர் முக்கியமானவர். வேலி போட்டவர்களிலும் அவர் இருந்தார். இரண்டில் ஒன்றை மட்டும் எடுத்துவைத்தால் ஆள் பொய்யாகிவிடுவார்.

ஆனால் அவர் பார்த்துப் பார்த்து மாறினார். அந்த மாற்றம்தான் என்னை இழுக்கிறது. தோற்ற தரப்பின் படித்தவர்களை அவர் தேடிப் போய்ப் பேசினார். ஹார்வர்டில் பொருளாதாரம் படித்து, சைகோன் அரசில் துணைப் பிரதமராகவும் சிறிது காலம் பொறுப்புப் பிரதமராகவும் இருந்த நுயென் சுவான் ஓவான் போருக்குப் பின் நாட்டைவிட்டுப் போகாமல் இருந்தார். அவரிடம் ஆலோசனை கேட்டார். தெற்கத்திப் பொருளாதார நிபுணர்கள் சேர்ந்து விலை, பணம், வங்கி என்று விவாதித்துக் குறிப்பு எழுதினார்கள். 'வெள்ளிக்கிழமைக் குழு' என்று அதற்குப் பெயர். அந்தக் குறிப்புகளுக்குக் காதுகொடுத்த தலைவர்களில் அவர் ஒருவர். 1976ல் தொடங்கிய இளைஞர் தொண்டர் படையில் பழைய ராணுவத்தினரின் பிள்ளைகளையும் போதையில் வீழ்ந்த பையன்களையும் சேர்த்தபோது, எந்த வாசலில் பிறப்பது என்று யாரும் தேர்ந்தெடுப்பதில்லை என்ற பொருளில் பேசினார். அப்பன் யார் என்று பார்த்துக் கல்லூரியில் இடம் மறுத்த காலம் அது. பாட்டியின் மகனுக்கும் மறுத்தார்கள். நல்ல பேச்சு எல்லார் வீட்டுக்கும் வந்து சேரவில்லை.

1982ல் கியெட் ஹனோய்க்குப் போனார், துணைப் பிரதமராகவும் திட்டக் கமிஷன் தலைவராகவும். அங்கே நடந்ததை விரிவாகச் சொன்னால் கட்சி மாநாடுகளின் பட்டியலாகிவிடும். 1985 செப்டம்பரில் பத்துப் பழைய டாங்குக்கு ஒரு புதிய டாங் என்று நோட்டை மாற்றினார்கள். விலைவாசி கையை மீறிப் போனது. 1986ல் பணவீக்கம் 774 சதவீதம். அந்த டிசம்பரில் ஆறாவது கட்சி மாநாடு 'டோய் மோய்' என்ற புதுப்பித்தலை அறிவித்தது. இதை ஒரு தனி ஆளின் சாதனையாக எழுதினால் அநியாயம். 1966லேயே வடக்கில் வின் ஃபுக் மாகாணத்தில் கிம் நோக் என்ற கட்சிச் செயலாளர் நிலத்தைக் குடும்பங்களுக்குக் குத்தகையாகப் பிரித்துக் கொடுத்துப் பார்த்தார். தப்பு என்று கட்சி கண்டித்தது. அவர் 1979ல் இறந்தார், இரண்டே வருஷத்தில் அதே யோசனை கட்சியின் ஆணையாகவே வந்தது. மாநாட்டுக்கு முன் பழைய கொள்கையின் காவலராக இருந்த த்ருவோங் சின் முதுமையில் மனம் மாறித் தன் கட்சியையும் மாற்றினார். பொதுச்செயலாளராக வந்த நுயென் வான் லின், கியெட்டுக்குப் பிறகு சைகோனைப் பார்த்துக்கொண்டவர்.

1988ல் பிரதமர் ஃபாம் ஹுங் திடீரென்று இறக்க, கியெட் பொறுப்புப் பிரதமரானார். அப்போது வடக்கே பல மாகாணங்களில் பட்டினி. ஜூனில் தேசிய சட்டமன்றத்தில் வாக்கெடுப்பு வந்தபோது தெற்கத்தி உறுப்பினர்கள் அவர் பெயரை முன்மொழிந்தார்கள். ஒரே பெயருக்குக் கை தூக்கிப் பழகிய சபையில் அது பெரிய விஷயம். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாக்கு வாங்கித் தோற்றார். ஜெயித்தவர் டோ முவோய், பத்து வருஷம் முன்பு சைகோன் கடைகளை மூட வந்தவர். இருவரும் அதற்குப் பின்னும் ஒரே அரசில் சேர்ந்து வேலை செய்தார்கள். அடுத்த ஆண்டே, 1989ல், வியட்நாம் சுமார் 14 லட்சம் டன் அரிசி ஏற்றுமதி செய்தது. பத்து வருஷத்துக்கு முன்னால் சோளம் மென்ற நாடு. மண் அதே மண், ஆறு அதே ஆறு. நிலம் குடும்பத்தின் கைக்கு வந்தது, விளைந்ததைச் சந்தை விலைக்கு விற்கலாம் என்று ஆனது.

1991ல் கியெட் பிரதமரானார். இனி நான் சொல்லப்போவது மின்கம்பி விஷயம். என் தொழில் அது என்பதால் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வடக்கே ஹோவா பின் என்ற இடத்தில் சோவியத் உதவியோடு பெரிய அணை கட்டி, ஒவ்வொன்றும் 240 மெகாவாட் வீதம் எட்டு இயந்திரங்களை ஒவ்வொன்றாக ஓடவைத்துக்கொண்டிருந்தார்கள். வடக்கில் அவ்வளவு மின்சாரத்துக்கும் வேலை இல்லை. தெற்கிலோ தொழிற்சாலைகள் திறக்கத் தொடங்கியிருந்தன, வாரத்தில் சில நாள் மின்சாரமே இருக்காது. 2012ல் தமிழ்நாட்டின் மின்வெட்டில் நூற்பாலையில் ஷிப்டு ஷிப்டாக டீசல் ஜெனரேட்டரோடு மல்லுக்கட்டியவன் நான். மெஷின் இருந்து, ஆள் இருந்து, கம்பியில் உயிர் இல்லாமல் நிற்கிற வயிற்றெரிச்சல் எனக்குத் தெரியும்.

நாட்டின் மேலிருந்து கீழ்வரை ஒரே 500 கிலோவோல்ட் தடம் போட்டு வடக்கு மின்சாரத்தைத் தெற்குக்கு இறக்கிவிடலாம் என்று கியெட் முடிவெடுத்தார். நீளம் 1,487 கிலோமீட்டர். நிபுணர்கள் பலர் தலையிலடித்துக்கொண்டார்கள். அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் அலைநீளம் 6,000 கிலோமீட்டர். அதில் கால்பங்கு 1,500. ஒரு தடத்தின் நீளம் அந்தக் கால்பங்கை நெருங்கினால், இந்த முனையில் கொடுக்கிற மின்னழுத்தம் அந்த முனையில் கட்டுக்கடங்காமல் ஏறும். சுமை இல்லாத நேரத்தில் கருவிகளையே எரித்துவிடக்கூடிய ஏற்றம். இவர்கள் போட நினைத்த நீளம் சரியாக அந்த ஆபத்தான இடத்தில் வந்து நின்றது. கல்லூரியில் கரும்பலகையில் போட்டுக்காட்டி, இப்படி யாரும் செய்யமாட்டார்கள் என்று எங்கள் வாத்தியார் தாண்டிப் போன கணக்கு.

வழி இருந்தது. தடத்தை ஒரே மூச்சாக விடாமல் ஹா தின், டா நாங், பிளேகு ஆகிய ஊர்களில் நிலையங்கள் வைத்து வெட்டினார்கள். ஒவ்வொரு துண்டிலும் ஏறுகிற அழுத்தத்தை உறிஞ்ச ரியாக்டர் என்கிற சுருள்கள், தடத்தின் மின்நீளத்தைக் குறைக்கக் கெப்பாசிட்டர்கள். காகிதத்தில் இது சரியாக வரும். ஆனால் நாட்டின் இரண்டு பெரிய மின்கட்டமைப்புகளை அதை நம்பி இணைக்கிறதற்கு, கையெழுத்துப் போடுகிற ஆளுக்குப் பொறியாளர்கள் மேல் நம்பிக்கை வேண்டும். அமெரிக்கத் தடை இன்னும் நீங்காத காலம் வேறு. சட்டமன்றத்தில் கேள்வி மேல் கேள்வி. 1992 ஏப்ரல் 5ஆம் தேதி வேலை தொடங்கியது.

மூவாயிரத்துக்கும் மேல் கோபுரங்கள். பாதை பெரும்பகுதி மேற்கு மலைத்தொடரின் ஓரமாகப் போகிறது, போர்க்காலத்தில் வடக்கிலிருந்து ஆளும் ஆயுதமும் இறங்கிய அதே மலைகள். ஒவ்வொரு அடித்தளத்துக்கும் குழி வெட்டுமுன் ராணுவம் வந்து வெடிக்காத குண்டுகளையும் கண்ணிவெடிகளையும் தேடி எடுக்க வேண்டியிருந்தது. வண்டி போகாத இடங்களுக்குச் சிமெண்டும் இரும்பும் தோளில் போயின. வேலையில் உயிர்விட்டவர்களும் உண்டு. கட்டிக்கொண்டிருக்கும்போதே இரும்பு விற்றது சம்பந்தமான வழக்கில் எரிசக்தி அமைச்சர் சிறைக்குப் போனார். பிரதமருக்கு அது சின்ன அடி இல்லை. ஆனாலும் வேலை நிற்கவில்லை. 1994 மே 27ஆம் தேதி, தொடங்கி இரண்டு வருஷமும் சில வாரங்களும் ஆனபோது, வடக்கின் மின்சாரம் தெற்கில் ஃபூ லாம் நிலையத்துக்கு வந்து சேர்ந்தது.

அந்த நிலையத்தை வெளியிலிருந்து பார்ப்பதற்காகவே ஒரு விடுமுறை நாளில் பைக்கில் போனேன். வேலிக்கு வெளியே நின்றாலே அந்தக் கிர்ர்ர் சத்தம் கேட்கும், ஈரக்காற்றில் கொஞ்சம் கூடுதலாக. 1954லிருந்து இருபத்தோரு வருஷம் இந்த நாட்டை 17ஆம் அட்சரேகையில் வெட்டிவைத்திருந்தார்கள். ஒன்று சேர்ந்துவிட்டோம் என்று 1976ல் காகிதத்தில் எழுதியாகிவிட்டது. ஹனோயில் ஒரு விளக்கு மங்கினால் சைகோனிலும் மங்கும் என்கிற சேர்க்கை இந்தக் கம்பியில்தான் வந்தது. எனக்கு அப்படித்தான் தோன்றியது. ஒரு மணி நேரம் நின்றிருப்பேன். காவலாளி வந்து என்ன வேண்டும் என்று கேட்டார், கையைக் காட்டிச் சிரித்துவிட்டு வந்தேன்.

1995 ஜூலை 12ஆம் தேதி காலை, அமெரிக்காவோடு முழு உறவை ஏற்படுத்திக்கொள்ளும் அறிக்கையை ஹனோயில் கியெட் வாசித்தார். மனைவியையும் இரண்டு குழந்தைகளையும் ஆற்றில் சுட்டு மூழ்கடித்த ராணுவத்தின் நாடு. அந்த ஆண்டு ஏப்ரலில்தான் வியட்நாம் அரசு போரில் இறந்தோர் கணக்கை வெளியிட்டிருந்தது, முப்பது லட்சத்துக்கும் மேல். மன்னித்தார், பெருந்தன்மை என்றெல்லாம் எழுத எனக்கு விருப்பமில்லை. அவர் மனதில் என்ன இருந்தது என்று நான் யார் சொல்ல? தன் இழப்பை நாட்டின் கொள்கையாக அவர் ஆக்கவில்லை. அது மட்டும் தெரிகிறது. அதே மாதத்தில் வியட்நாம் தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானிலும் சேர்ந்தது, தாய்லாந்தும் பிலிப்பைன்சும் எதிர்த்தரப்புக்குப் படை அனுப்பிய நாடுகள் என்று தெரிந்தும்.

அடுத்த மாதம் கட்சியின் அரசியல் தலைமைக் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதினார். உலகத்தை இரண்டு முகாம்களாகப் பார்ப்பது போதும், அரசு நிறுவனங்களுக்குத் தனிச் சலுகை வேண்டாம், சட்டத்தின் ஆட்சி வேண்டும், கட்சிக்குள் ஜனநாயகம் வேண்டும் என்றெல்லாம் அதில் இருந்தது. கடிதம் வெளியே கசிந்தது. அதன் பிரதியை வைத்திருந்ததற்காக ஹா சி ஃபு என்ற எழுத்தாளருக்கு 1996ல் ஓராண்டு சிறை, அரச ரகசியத்தை வெளியிட்டாராம். வேறு இருவரும் தண்டிக்கப்பட்டார்கள். எழுதியவர் பிரதமராகவே இருந்தார். அதோடு விடவில்லை. 1997 ஏப்ரலில், நீதிமன்ற விசாரணையே இல்லாமல் ஒருவரை இரண்டு வருஷம் வரை வீட்டில் அடைத்துவைக்க வழிசெய்த 31ஆம் எண் ஆணை வந்தது. அதில் இருக்கும் கையெழுத்து வோ வான் கியெட்.

பா திக்குச் சோறு கொண்டு வருகிறேன் என்றவரின் கதையை இந்த இடத்தில் மனம் நொந்துதான் எழுதுகிறேன். வயிற்றுக்காக வேலியை உடைத்தவர்களுக்கு அவர் துணை நின்றார். வாய்க்காக வேலியை உடைத்தவர்களுக்கு நிற்கவில்லை, அல்லது நிற்க முடியவில்லை. வாய் வேலி இன்றைக்கும் அந்த நாட்டில் இருக்கிறது. பேத்தி சில பேச்சுகளை மொழிபெயர்க்கும்போது ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் சொல்வாள்.

1997ல் பதவி விட்டார். பதவி போனபிறகு இன்னும் வெளிப்படையாகப் பேசினார். 2005ல், போர் முடிந்த முப்பதாம் ஆண்டையொட்டி ஒரு வார இதழுக்குப் பேட்டி கொடுத்தார். வென்ற தரப்பில் அவ்வளவு உயரத்தில் இருந்த ஒருவர் அதுவரை சொல்லாததை அதில் சொன்னார். அந்த நாளை நினைக்கும்போது லட்சக்கணக்கானவர்கள் மகிழ்கிறார்கள், லட்சக்கணக்கானவர்கள் வருந்தவும் செய்கிறார்கள். அது எல்லோருக்கும் பொதுவான புண், மேலும் மேலும் கீறி ரத்தம் வரவைக்காமல் ஆறவிட வேண்டும். இப்படிப்பட்ட பொருளில். தெற்கில் எத்தனையோ குடும்பங்களில் ஒரு பிள்ளை இந்தப் படையில், இன்னொரு பிள்ளை அந்தப் படையில் என்பதையும் நினைவூட்டினார். அந்த இதழைப் பாட்டி மடித்து ஒரு பிஸ்கட் டப்பாவில் வைத்திருக்கிறார். எனக்கு எடுத்துக்காட்டினார். எனக்கு அந்த எழுத்து படிக்கத் தெரியாவிட்டாலும் மடிப்பு வாக்கில் காகிதம் தேய்ந்திருந்தது தெரிந்தது.

கியெட் 2008 ஜூன் 11ஆம் தேதி சிங்கப்பூர் மருத்துவமனையில் இறந்தார், வயது 85. இப்போது அவர் பெயரில் சைகோனில் ஒரு நீண்ட அகலச் சாலை இருக்கிறது. சோ லோன் வழியாகப் போகும் தாவ் ஹு கால்வாயை ஒட்டிய சாலை. ஒரு காலத்தில் டெல்டாவின் அரிசிப் படகுகள் அந்தக் கால்வாயில் வந்துதான் கரையோரக் கிடங்குகளில் மூட்டை இறக்கும். புத்தாண்டுக்கு முந்திய நாட்களில் இன்னும் படகுகள் வருகின்றன, செவ்வந்திப் பூந்தொட்டிகளை ஏற்றிக்கொண்டு. பெயர் வைத்தவர்கள் அரிசியை நினைத்து அந்தச் சாலையைத் தேர்ந்தார்களா தெரியவில்லை. எனக்கு அங்கே போகும்போதெல்லாம் பா தியின் வண்டிகள்தான் நினைவுக்கு வரும்.

நான் அங்கிருந்த கடைசி வருஷம் ஏப்ரல் 30, போர் முடிந்த நாள். காலையில் எழுந்து மாடியிலிருந்து பார்த்தேன். தெரு முழுக்கச் சிவப்புக் கொடி, நடுவில் மஞ்சள் நட்சத்திரம். பாட்டியும் முக்காலி போட்டு ஏறி, எங்கள் வாசல் கம்பத்தில் கொடியைச் சொருகிக்கொண்டிருந்தார். ஓடிப்போய் முக்காலியைப் பிடித்துக்கொண்டேன். கொடி சரியாக நிற்கிறதா என்று தெருவுக்கு இறங்கித் தள்ளி நின்று பார்த்துக்கொண்டார். பக்கத்து வீட்டுக்காரர் கை காட்டினார், இவரும் காட்டினார்.

மதியம் சாப்பிடக் கீழே வந்தேன். உள்ளறையில் முன்னோர் படங்கள் வைத்த மேடையில் ஊதுபத்தி எரிந்துகொண்டிருந்தது. கணவர் படத்துக்கு முன்னால் வழக்கமான கிண்ணம். அதற்குப் பக்கத்தில், படம் எதுவும் இல்லாத இடத்தில், இன்னொரு கிண்ணத்தில் ஆவி பறக்க வெள்ளைச் சோறு, மேலே நட்டமாக இல்லாமல் படுக்கையாக வைத்த சாப்பாட்டுக் குச்சிகள். பேத்தியைப் பார்த்தேன்.

"படகில் போன தாத்தாவுக்கு" என்றாள். பாட்டி எனக்கும் ஒரு கிண்ணம் சோறு போட்டு, உட்கார் என்று தரையைத் தட்டிக் காட்டினார்.